நாப்பதும் ரிஜெக்ட்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். நாப்பது அலுமினிய பிராக்கெட்டை மெஷின்ல வெச்சுப் பாத்து, மத்தியானத்துக்குள்ள ரிப்போர்ட் அனுப்பணும்.

சைதாப்பேட்டையில ஒரு சின்ன டெஸ்டிங் லேப்ல இருக்கேன். உலோகத்தை உடைக்காம, அறுக்காம, உள்ள லேசா கரன்ட்டைச் சுழல விட்டு, அது நல்லதா கெட்டதான்னு சொல்றது என் பொழப்பு. உலையில சரியா சூடு பட்ட பீஸ் ஒரு நம்பர் காட்டும். சூடு தப்பினா வேற நம்பர். எது நல்லதுன்னு மெஷினுக்குத் தெரிய, முதல்ல ஒரு மாஸ்டர் பீஸைக் காட்டணும். அதோட ஒப்பிட்டுத்தான் மத்ததைச் சொல்லும்.

காட்டினேன்.

முதல் பிராக்கெட் ரிஜெக்ட். ரெண்டாவது ரிஜெக்ட். பத்தாவது வரும்போது எனக்குக் குஷியே வந்துடுச்சு. அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கிறதுல அப்படி ஒரு சுகம்.

நாப்பதும் ரிஜெக்ட்!

மூளை இருக்கிறவன் இந்த இடத்துல மாஸ்டரைச் சந்தேகப்படுவான். நான் ரிப்போர்ட்டை, பிராக்கெட் ஆர்டர் கொடுத்த கம்பெனிக்கு அனுப்பிட்டு, அந்தச் சரக்கை உலையில வெச்சு எடுத்த பஷீர் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், உங்க உலை சரியில்ல. நாப்பதும் வேஸ்ட்."

"இன்னா தம்பி சொல்ற? பக்கத்துலயே குந்திக்கினு பாத்த சரக்கு அது. இந்தத் தபா ரிஜெக்ட் ஆனா வேற ஆளப் பாத்துக்குறேன்னு கம்பெனிக்காரன் சொல்லிக்கீறான்."

"மெஷின் பொய் சொல்லாது பாய்."

இதை இதுவரைக்கும் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்னு நினைச்சா இப்ப கூசுது.

அரை மணி நேரத்துல பாய் வந்துட்டார். கையில புள்ளி குத்துற பஞ்ச்சும் சுத்தியலும். அவருக்கு எலக்ட்ரான் பத்திப் பத்து நிமிஷம் பாடம் எடுத்தேன். பொறுமையா கேட்டுட்டு, அதே லாட்ல மிஞ்சின ஒரு பீஸ்ல பஞ்ச்சை வெச்சு ஒரு தட்டு தட்டினார். சின்னதா ஒரு புள்ளி. அதே தட்டு என் மாஸ்டர்ல. பள்ளமே விழுந்துடுச்சு.

"உன் மாஸ்டருதான் வெண்ணெய் மாதிரி கீது. இத்த எங்க வெச்சிருந்தே?"

போன வாரம் பூரா லேப் அடுப்புல டீ போட்டது நான். பாத்திரம் ஆடுதேன்னு, மாஸ்டர் பீஸ்னு தெரிஞ்சே, அதை பர்னர் மேல முட்டுக் கொடுத்ததும் நான். அப்புறம் கழுவித் துடைச்சு பத்திரமா டப்பாவுல வெச்சதும் நான்தான். சூடு பட்டா உலோகத்தோட குணம் மாறும்னு ஊருக்கே கிளாஸ் எடுக்கிறவன்!

லேப் ஓனர் வசந்தா மேடம் பீரோவுல இருந்து வேற மாஸ்டரை எடுத்துக் கொடுத்தாங்க. நாப்பதும் பாஸ்.

கம்பெனிக்காரன் வேற ஆள் தேடறதுக்குள்ள திருத்தின ரிப்போர்ட் போயாகணும். அதுல 'தவறுக்குக் காரணம்'னு ஒரு கட்டம். பாய் எதிர்லயே உக்காந்திருக்கார்.

'அதிக வெப்பம்'னு கௌரவமா எழுதினேன்.

மேடம் அதை அடிச்சுட்டு என் பேரை எழுதினாங்க.