உத்தேச ஊட்டச்சத்து

மக்கள் நலனுக்காக அல்லும் பகலும் உழைப்பது குடிநீர் வாரியம். அப்படி உழைப்பவர்களுக்குக் காலையில் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதை மேலிடம் ஒருநாள் திடீரென்று கண்டுபிடித்தது. உடனே சுற்றறிக்கை பறந்தது.

"ஊழியர் அனைவரும் இனி காலை உணவாக, பாலில் ஊறிய கார்ன்ஃபிளேக்ஸை அலுவலகத்திலேயே உட்கொள்வர். இதனால் உடல் வலுவும், ஞாபக சக்தியும், கோப்புகளின் வேகமும் பெருகும். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவது திட்டத்தின் நோக்கத்துக்குக் குந்தகம் விளைவிப்பதாகக் கருதப்படும்."

வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் உத்தேசம், சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனார். உத்தேசம் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல, தெருக்காரர்கள் வைத்தது. வீடு பூட்டியிருந்தால் மீட்டரைப் பார்க்காமலே 'உத்தேச அளவு' என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டு வருவார். வெயில் ஏறிவிட்டால் திறந்திருக்கிற வீடும் அவர் கண்ணுக்குப் பூட்டியே தெரியும். மற்றபடி தங்கமான மனுஷன். காலையில் மனைவி சுடச்சுடப் போடுவதை வயிறு முட்டச் சாப்பிடாவிட்டால் மட்டும் கை கால் ஓடாது.

மனைவி சுற்றறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு. இனிமே நானும் விடிஞ்சப்புறம் எந்திரிக்கலாம்."

"அடியே, அது வெறும் சக்கைடி!"

"சத்துங்க அது. என் தங்கச்சி வீட்டுல எல்லாரும் அதத்தான் சாப்பிடுறாங்க. எவ்வளவு ஸ்டைலா இருக்காங்க பாருங்க."

அலுவலகத்துக்குக் கிண்ணம் வந்தது, கரண்டி வந்தது. பெட்டி பெட்டியாகக் கார்ன்ஃபிளேக்ஸும் வந்து ஸ்டோர் ரூமில் இறங்கியது. ஸ்டோர் கீப்பர் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஊட்டச்சத்துப் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டார். அங்கே மூன்று வேளையும் பிரமாதமான சாப்பாடு என்று கேள்வி. இங்கே ஊழியர்கள் தினமும் காலிக் கிண்ணத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து எழுந்தார்கள். திட்டம் திட்டப்படி நடக்க வேண்டுமல்லவா?

அப்படி ஒரு காலையில் பக்கத்துத் தெருத் தையல்காரர் வந்தார்.

"சார், மாசக்கணக்கா எங்க குழாயில காத்துதான் வருது. பில்லு மட்டும் தவறாம வருது."

உத்தேசத்துக்குப் பசியில் காது அடைத்தது. "பதிவானது பதிவானதுதாங்க. அதிகமா இருந்தா அடுத்த மாசம் சரிக்கட்டிக்கலாம்."

"வராத தண்ணிய எதுல சார் சரிக்கட்டுறது?"

"அத மேலிடம் பாத்துக்கும்."

தையல்காரர் போனதும் மேலாளர் ஓடிவந்தார்.

"கார்ன்ஃபிளேக்ஸோட பலன் என்னன்னு சாயங்காலத்துக்குள்ள அறிக்கை கேக்குறாங்கய்யா!"

"சார், இன்னும் ஒருத்தரும் ஒரு வாய்கூடத் திங்கலையே!"

"ரூம் பூட்டியிருக்கு. பூட்டியிருந்தா நாம என்ன பண்ணுவோம்?"

"உத்தேசமா போடுவோம் சார்."

"அதேதான். தாராளமா போடு. பலன் முழுசா கிடைச்சிடுச்சுன்னா திட்டம் முடிஞ்ச மாதிரி. பழையபடி வீட்டுலயே சாப்பிட்டு வரலாம்."

வீட்டுச் சாப்பாடு என்றதும் உத்தேசத்தின் பேனா நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. ஊழியர்களின் உடல் வலு இரண்டு மடங்கானது. காசாளரின் வழுக்கையில் முடி துளிர்த்தது. நாற்காலியில் அரைகுறையாகத் தூங்கிக்கொண்டிருந்த தலைமை எழுத்தர் இப்போது ஆழ்ந்து உறங்குகிறார். எழுதி முடித்தபோது உத்தேசத்துக்கே கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது.

மறுநாளே பதில் வந்தது.

"பலன்கள் பாராட்டுக்குரியவை. எனினும், அனுமதிக்கப்பட்ட அளவைவிட மிக அதிகமான சத்து பதிவாகியுள்ளது. உபரிச் சத்து தீரும்வரை ஊழியர்கள் காலை உணவும் மதிய உணவும் தவிர்த்துச் சரிக்கட்டிக்கொள்ளவும். நகல்: ஊழியர்களின் இல்லத்தரசிகளுக்கு."

"சார், நான் சாப்பிடவே இல்ல சார்!" உத்தேசம் மேலாளரிடம் அழாத குறையாகக் கத்தினார்.

"பதிவாயிருக்கேய்யா. நீதான எழுதுன?"

வீட்டுக்கு ஓடினார். அடுப்பு அணைந்திருந்தது. மனைவி நகலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"உடம்புல இவ்வளவு சத்த வச்சுக்கிட்டு என்கிட்ட வந்து பசிக்குதுங்கிறீங்களே, நியாயமா? மேல மேல தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

தெருவில் இறங்கினார். கண் இருட்டியது. தையல் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணியாவது குடுங்க."

"உங்களுக்கு இல்லாததா?" தையல்காரர் உள்ளே போய், பளபளவென்று துலக்கிய டம்ளர் ஒன்றை எடுத்துவந்து பணிவாக நீட்டினார். உத்தேசம் வாயில் கவிழ்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"என்னங்க இது, காலியா இருக்கு?"

"உங்க கணக்குப்படி எங்க வீட்டுல தண்ணி வழியுது சார். உத்தேசமா குடிங்க. அதிகமாயிடுச்சுன்னா அடுத்த மாசம் சரிக்கட்டிக்கலாம்."

உத்தேசம் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து, "எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க" என்று மேலாளரின் குரல் கேட்டது. அவரும் கையில் காலிக் கிண்ணத்தோடு உத்தேசத்துக்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றிருந்தார்.