தொடையில் குடியிருந்த பேய்

அமெரிக்காவின் டுலூத் நகரில் பனி முழங்கால் வரை கிடந்தது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு மூன்று நாள் பிஸ்கட்டிலேயே காலம் தள்ளியவர்கள்கூட, மாஸ்டர் ஆல்டன் கார்வெல்லைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். மூன்றாம் மாடிக் கூடம். படிக்கட்டு வெறிச்சோடிக் கிடந்தது. லிஃப்டுக்கு நின்ற வரிசை தெருவைத் தொட்டது. எல்லோரும் வந்தது சோம்பலை விரட்ட.

மாஸ்டரின் தத்துவம் எளிமையானது. மனிதன் சோம்பேறியே அல்ல. சோம்பல் ஒரு ஆவி; இடது தொடையில் குடியிருக்கிறது. அதை விரட்டிவிட்டால் உடற்பயிற்சிப் பழக்கம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பேயைக் கண்டுபிடிக்க ஒரு இசைக்கவை வைத்திருந்தார்; தட்டினால் ரீங்கரிக்கும் இரண்டு முனை இரும்புக் கவை. அதைத் தட்டித் தொடையருகே பிடிப்பார். 'ங்ங்' என்று ஒலித்தால் பேய் இருக்கிறது. தட்டிய கவை ஒலிக்காமல் ஒப்பாரியா வைக்கும்? இதைக் கேட்க ஆளில்லை. மூன்று அமர்வு, முழங்காலுக்கு ஒரு செப்பு வளையம், எல்லாவற்றுக்கும் முன்பணம்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெண்டல் ஸ்கோக்ஸ்டாடும் வரிசையில் நின்றார். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. மார்ச் மாத மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அதற்காகத்தான் லோர்னா ஹாபலா என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்திருந்தார். அவள் சொன்னது ஒன்றே ஒன்று: இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிட நடை. நாற்பத்தொரு நாள் நடந்தார். பலனும் தெரிந்தது. ஆனால் அதில் ஒரு மர்மமும் இல்லை. மர்மம் இல்லாத வைத்தியத்தை எப்படி நம்புவது?

மாஸ்டர் கவையைத் தட்டிக் கண்ணை மூடினார். "பதினஞ்சு வருஷமா உங்க தொடையில ஒண்ணு உட்கார்ந்திருக்கு."

"வாடகைகூடத் தரலியே, பாவி."

"இன்னிக்கே கிளப்பிடலாம். ஆனா பத்து நாளைக்கு நடக்கக் கூடாது. காலடிச் சத்தம் கேட்டா திரும்பி வந்துடும்."

இதைவிட நல்ல வைத்தியத்தை வெண்டல் தம் வாழ்நாளில் கேட்டதில்லை. நேராக வீட்டுக்குப் போய் சோபாவில் சாய்ந்தார்.

பத்தாம் நாள் லோர்னா கதவைத் தட்டினாள். "சர்க்கரை எவ்வளவுல இருக்கு, வெண்டல்?"

"கொஞ்சம் ஏறியிருக்கு. பேய் போறப்ப உள்ள கிளறிவிட்டுப் போகுமாம்."

அவள் திட்டவில்லை. அவர் முழங்காலில் இருந்த செப்பு வளையத்தைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு கேஸ் இருக்கு. அசையவே அசையாது. முகம் காட்ட வெட்கம். திரைக்குப் பின்னால உட்கார வைக்கிறேன். மாஸ்டர் சரியா சொல்லிட்டா நான் கடையை மூடிட்டு அவர்கிட்டயே சேந்துடுறேன். நீங்கதான் அவர்கிட்ட பேசணும்."

வெண்டலுக்கு ஒரே பெருமை. அன்றே போய்ப் பேசி ஏற்பாடு செய்தார்.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு திரை. அதற்கு மேல் கம்பளித் தொப்பியின் நுனி மட்டும் தெரிந்தது. மாஸ்டர் கவையைத் தட்டினார். முகத்தில் துயரம் படர்ந்தது.

"பெண். நாற்பது வயசு இருக்கும். சின்ன வயசுல அப்பா ரொம்பத் திட்டியிருக்காரு. இருபத்திரண்டு வருஷச் சோம்பல். பாருங்க, இப்பக்கூட அழறாங்க."

முன்வரிசையில் இருவர் கைக்குட்டையை எடுத்தார்கள். வெண்டல் லோர்னாவைப் பார்த்து, எப்படி என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

லோர்னா திரையை விலக்கினாள்.

நாற்காலியில், குளிர்பெட்டியிலிருந்து வந்த முழு வான்கோழி ஒன்று தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தது. அழுதது மட்டும் ஓரளவு உண்மை. பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

பின்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்தார். "அப்ப திட்டினது எந்த வான்கோழி?"

"வான்கோழிக்கும் ஆன்மா உண்டு," என்று தொடங்கினார் மாஸ்டர்.

"அது இருக்கட்டும்," என்றார் வெண்டல். அவர் காது சிவந்திருந்தது. "என் தொடையில பதினஞ்சு வருஷமா இருந்தது என்ன?"

மாஸ்டர் கவையைப் பைக்குள் போட்டார். லோர்னாதான் சொன்னாள்: "உங்க தொடையில இருந்தது தொடைதான், வெண்டல்."

கூட்டம் முன்பணத்தைக் கேட்டு மேடையை நெருங்கியது. மாஸ்டர் கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினார். "முழங்காலை நல்லாத் தூக்குறாரு," என்று லோர்னா பாராட்டினாள்.

வெண்டல் தலைகுனிந்து நின்றார். "பத்து நாள் வீணாப் போச்சு. மறுபடி முதல்லேருந்தா?"

"எதுக்கு? நாற்பத்தொரு நாள் நடந்தது எங்கயும் போகல. இன்னிக்குச் சாப்பிட்டதும் பத்து நிமிஷம். முடியலன்னா அஞ்சு. ஒருநாள் விட்டா விட்டது, அடுத்த நாளும் விட்டுடாதீங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். அதனாலதான் என்கிட்ட கூட்டம் வர்றதில்ல."

மார்ச் பரிசோதனையில் வெண்டல் தேறினார். முணுமுணுத்துக்கொண்டேதான் இன்றும் நடக்கிறார். அவரோடு இன்னும் எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். மீதிக் கூட்டம்? பக்கத்து ஊரில் காதில் மெழுகுவர்த்தி ஏற்றிச் சோம்பலை உருக்குகிறாராம் ஒருவர். காரில் போயிருக்கிறார்கள்.

காலுக்கு நாளுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள் என்கிறாள் லோர்னா. மூளைக்கும் ஒரு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், ஐயா. வேலை கொடுக்காவிட்டால் அங்கேயும் கொழுப்புதான் சேரும்.