பைக்கில் வராதே, லாரியில் வராதே, இந்தத் தீபாவளிக்கு வரவே வராதே

நடுவட்டம்,
ஐப்பசி, 2001.

அன்பு மகன் தினகரனுக்கு உன் தகப்பன் அழகையா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் நலம். அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் எழுதினேன். உன் சுகத்தையும், மருமகள் வாசுகி சுகத்தையும், நாங்கள் போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிற பேத்தியின் சுகத்தையும் அறிய ஆவல். இங்கே பேக்டரியில் சங்கு ஊதி நாளாகிறது. தேயிலை விலை விழுந்ததில் பச்சை இலையைச் சீந்துவார் இல்லை, என்னையும் சீந்துவார் இல்லை.

உன் கடிதம் கிடைத்தது. தீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து புது பைக்கில் வருகிறாயாம். முன்னால் பை, பின்னால் வாசுகி, நடுவில் பாப்பா. நீ வர வேண்டாம். பெற்றவன் சொல்கிறேன், வரவே வேண்டாம். நம் எஸ்டேட் லயத்து வரிசையில் அடுத்த வீட்டுப் பொன்ராஜ், உன் கல்யாணத்தில் பந்தி பரிமாறினவன், ஆயுத பூஜை லீவுக்குக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தான். பூஜைக்கு மறுநாள் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க, கூடலூர் போகிற சுரேஷ் ஜீப்பில் ஏறினான். அந்த ஜீப்பை நீ பார்த்திருக்க வேண்டும், மணவறை தோற்றது. முன்னால் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடியை மறைத்துச் செவ்வந்தி மாலை, ஹெட்லைட் இரண்டிலும் தோசை மாவு மாதிரி அப்பின சந்தனம். "ஏம்ப்பா, மஞ்சு எறங்கி ரோடே மறைஞ்சிருக்கே, லைட்டையாவது தொடச்சிட்டுப் போ" என்றேன் சுரேஷிடம். "சாமிக்கு வெச்சத நானே தொடைக்கறதுங்களா? நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேனுங்க, ஒண்ணும் ஆகாது" என்றான்.

எலுமிச்சம்பழம் நாலும் நன்றாகவே நசுங்கின, அதில் குறையில்லை. ஆனால் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று என்ஜினை அணைத்து, நியூட்ரலில் வண்டியை விட்டான். இலைக்கு விலை இல்லாமல் போனதிலிருந்து மலை முழுக்க இதே கூத்துதான். ஏறின கியரில் இறங்கு என்று ரோட்டோரம் போர்டு இருக்கிறது; பூஜையன்று அந்தப் போர்டுக்கும் ஒரு மாலை போட்டுவிட்டுத்தான் போனார்கள். பிரேக் காய்ந்து, பிடிக்காமல் போனது. எதிரே பார்க்கலாமென்றால் மாலை, வெளிச்சம் அடிக்கலாமென்றால் சந்தனம். வளைவு வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. பொன்ராஜ் போய்விட்டான். சுரேஷ் ஆஸ்பத்திரியில் காலில் கம்பியோடு கிடக்கிறான். வாழைக்கன்றுகள் மட்டும் ஒரு இலை கிழியாமல் நின்றன. வேறு வண்டி கிடைக்காமல் மாலை போட்ட இன்னொரு ஜீப்பில்தான் பொன்ராஜைக் கொண்டுவந்தோம். அவன் பெண்டாட்டி சுகுணா அந்த மாலையைப் பிய்த்துப் பிய்த்து ரோட்டில் எறிந்தாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லையடா.

இப்போது எனக்கு வேலை என்ன தெரியுமா? ஈரத்துணியோடு டீக்கடைப் பக்கம் நின்று, நிற்கிற வண்டிக்கெல்லாம் லைட்டைத் துடைத்துவிடுகிறேன். லீவுக்கு ஊட்டி பார்க்க வந்தவர்கள் பிச்சை என்று நினைத்துப் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டை நீட்டுகிறார்கள். உள்ளூர்க்காரன் "பெருசு பூஜையக் கெடுக்குது" என்று வைகிறான். நஞ்சப்பன் ஒருத்தன்தான் சிரிப்பான். முன்பு இலை லாரி ஓட்டினவன், இப்போது மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் ஏற்றுகிறான். அவன் லாரியில் வாழைக்கன்று காய்ந்து சருகாகியும் கழற்றவில்லை. நியூட்ரலில் இறங்காதே என்றால், "கேரட்டுக்கு உசுரா இருக்குதுங்க? நியூட்ரலே போதும்" என்கிறான். இவனை என்ன செய்வது.

ஆகவே பைக் வேண்டாம். அவசரத்துக்கு லாரியில் தொற்றிக்கொண்டும் வராதே. மூட்டை மேல் உட்கார்ந்து மலைப் பயணம் செய்கிறவனைப் போல முட்டாள் கிடையாது. தை மாதம் கூட்டம் குறைந்ததும் பஸ்ஸில், பகலில் வாருங்கள். உன் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், கேட்டுக்கொள்வாள். மாரியாத்தா உங்கள் மூன்று பேரையும் காப்பாள். அவளுக்கும் ஆயிரம் வேலை, நீயும் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்.

இப்படிக்கு,
உன் நல்லதுக்குச் சொல்லும் அப்பா,
அழகையா.

பி.கு.: இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கருப்பம்மா கடைசி வரைக்கும் கேட்டாள். அப்புறம், "புள்ள வரக்கூடாது, அவ்வளவுதானே? நாம போவோம்" என்று பையைத் தூக்கிவிட்டாள். பேத்திக்கு முறுக்கு முந்தாநாளே சுட்டு வைத்திருக்கிறாள், எனக்கு ஒன்று காட்டவில்லை. பஸ் எல்லாம் லீவுக் கூட்டம், ஒன்றும் நிற்கவில்லை. நஞ்சப்பன்தான் நிறுத்தினான். இந்தக் கடைசி வரிகளைக் கேரட் மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணல் அதனால்தான். லைட்டைத் துடைத்துவிட்டேன். நியூட்ரல் போட்டால் கேபின் கூரையில் தட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன், சிரித்தான். கடிதத்தைத் தபாலில் போடவில்லை, என் சட்டைப் பையில் இருக்கிறது. நானே கொண்டுவந்து கொடுத்தால் படிக்காமல் கிழித்துப் போடு. வேறு யாராவது கொண்டுவந்து கொடுத்தால், பதறிப்போய் பைக்கை எடுக்காதே. பஸ்ஸில் வா, பகலில் வா. பாப்பாவையும் தூக்கிக்கொண்டு வா. உன் அம்மா இன்னும் அவளைப் பார்க்கவில்லை.