ஒத்திகைக்கு ஒரு முழங்கால்

முழங்கால் வலிக்குப் புது மருந்து ஒன்று வந்திருந்தது. வந்த மருந்தை வலிக்கிற காலுக்குக் கொடுத்துவிட்டால் அது வெறும் வைத்தியம். கொடுப்பதற்கு முன்னால் ஊரூராக டொக்டர்மாரைக் கூட்டி, நுவரெலியா ஹோட்டலில் மூன்று நாள் சோறு போட்டால்தான் அது ஆய்வு. அந்தச் சோற்றுக்குப் பெயர் ஆய்வாளர் மாநாடு.

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த யூஜினாவுக்கு மாநாட்டைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. காளியாயியைப் பற்றித்தான் கவலை. கொழுந்துக் கூடையோடு ஏறுகிற அந்த மனுஷி முழங்கால் வலியில் பாதி மலையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். இப்படியே போனால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அவள் பேரைக் கூப்பிடமாட்டார்கள்.

"ஆய்வு தொடங்குனதும் உங்க பேரைத்தான் மொதல்ல போடுவேன் அக்கா," என்று யூஜினா வாக்குக் கொடுத்திருந்தாள்.

மாநாட்டுத் தலைவர் டொக்டர் றோலண்ட் லேசுப்பட்ட ஆளில்லை. மேசை விரிப்பு நீலமா பச்சையா என்று முதல் நாள் முழுக்க விவாதம் நடத்தி, முடிவெடுக்க உபகுழுவும் அமைத்தார். மறுநாள், நோயாளியை ஆய்வில் சேர்ப்பது எப்படி என்று ஒத்திகை. அதற்கு அசல் முழங்கால்களே வேண்டுமென்று அடம்பிடித்தார். வேன் போய்த் தோட்டத்து முழங்கால் வலிக்காரர் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு வந்தது. சம்மதம் கேட்டார்கள், காலைத் தட்டிப் பார்த்தார்கள், மருந்துக்குப் பதில் குளுக்கோஸ் மாத்திரை கொடுத்தார்கள், கேக்கும் கொடுத்தார்கள். அடேயப்பா, என்ன கைதட்டல்!

கடைசி நாள் யூஜினா மாநாட்டுக்கே போய், ஆய்வில் சேர்க்கக் காளியாயியின் பேரைச் சொன்னாள்.

"முடியாது," என்றார் றோலண்ட். "ஏற்கனவே ஓர் ஆய்வில் பங்குபற்றியவர் இதில் சேரக்கூடாது."

"அவங்க எந்த ஆய்வுலயும் இருக்கலையே டொக்டர்!"

"நேற்று?"

"அது ஒத்திகைங்க!"

"ஒத்திகையென்றாலும் ஒரு குறையில்லாமல் செய்தோம். குறையில்லாமல் செய்தால் அது ஆய்வுதான்."

"அப்ப எங்க தோட்டத்துல சேர்க்கிறதுக்கு ஒரு முழங்காலும் மிச்சமில்லையே!"

"பாருங்கள், எவ்வளவு பாரதூரமான பிரச்சினை! இதற்கென்றே இன்னொரு மாநாடு வைக்கவேண்டும்."

யூஜினா நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வாயைத் திறந்தாள். அதற்குள் றோலண்ட், அடுத்த மாநாட்டுக்கு அவளையே ஒருங்கிணைப்பாளராக நியமித்து, பெயர் பொறித்த நீலக் கோட் ஒன்றையும் நீட்டினார். திறந்த வாயை வீணாக்காமல், "இதுல சின்ன சைஸ் இருக்குங்களா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு மாநாடு அடிக்கடி நடக்கிறது. ஒத்திகைக்கு அனுபவசாலிகள் வேண்டுமாம். காளியாயி இப்போது நிரந்தர ஒத்திகை நோயாளி. தோட்டத்தில் அவள் பேரைக் கூப்பிடுவதை நிறுத்தியாயிற்று. ஹோட்டல் வாசலில் நீலக் கோட்டோடு யூஜினாதான் பெரட்டு வைத்துக் கூப்பிடுகிறாள்.

போன தடவை காளியாயி சந்தோஷமாகச் சொன்னாள்: "மிஸ்ஸி, எங்க வீட்டுக்காரரு ஏதோ தைலம் வாங்கியாந்தாரு. இப்பதான் வேன்ல தேச்சேன். வலி நல்லாக் கொறையுதுங்க!"

யூஜினா பதறிப்போனாள். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? மாநாடு முடியுற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"ஐயையோ, ஆமாங்க மிஸ்ஸி!" என்று காளியாயி முந்தானையால் தைலத்தை அவசர அவசரமாகத் துடைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே போய் வரிசையில் நின்றாள்.