எட்டுக்கால் குதிரையும் நாலு அப்பாமாரும்

எட்டுக்கால் குதிரையை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள், பிள்ளைகளே. அதன் வயிற்றுக்குள் இருந்திருக்கிறீர்களா? நான் இருந்திருக்கிறேன். உள்ளே சரியான புழுக்கம்.

நோர்வேயின் பழைய கதைகளில் ஓடின் என்ற கடவுளுக்கு ஒரு குதிரை, பெயர் ஸ்லைப்னிர். அதற்குத்தான் எட்டுக் கால். ஓடினின் மகன் பால்டர் இறந்தபோது, தம்பி ஹெர்மோட் அந்தக் குதிரையில் ஏறி, செத்தவர்களின் நாட்டு வாசலைத் தாண்டிப் பாய்ந்து, அங்கே அரசியாக இருந்த ஹெலிடம் "அண்ணனைத் திருப்பித் தா" என்று கேட்டான். பள்ளி நாடகத்தில் என் மகள் யாழினிதான் ஹெர்மோட். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அந்த ஒரு வசனத்தைக் கண்ணாடியின் முன் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

குதிரையை நான் செய்கிறேன் என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன். (ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.) இரண்டு கம்பு, யாழினி ஏறி இருக்க ஒரு பலகை, தடித்த காகித மட்டையில் வெட்டிய தலை, மூடுவதற்குச் சாம்பல் நிறப் போர்வை. கால்களுக்கு, நோர்வேயில் நாங்கள் குடியிருந்த ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் கட்டடத்து அப்பாமார் மூன்று பேரும் நானும். நால்வருமே கோயில் திருவிழாவில் குதிரை வாகனத்தைத் தோளில் காவுகிறவர்கள்.

"மெதுவா நடவுங்கோ அப்பா. இது சோகமான கதை."

"ஓம் பிள்ளை. சாமியையே காவின தோள் இது."

எல்லாம் அந்தத் தோளால்தான் கெட்டது.

நாடகத்தன்று, செத்தவர்களின் வாசலை நெருங்கியதும் இடிமுழக்கத்துக்காக மேளம் அடித்தார்கள். மேளம் கேட்டால் வாகனம் காவுகிறவனின் தோள் சும்மா இராது. முன்னுக்கு இருவர் தாழ, பின்னுக்கு நாங்கள் உயர, குதிரை ஆடத் தொடங்கியது. என் பக்கத்தில் நின்ற குமார் அண்ணை பழக்கதோஷத்தில் "அரோகரா" என்றார். மற்ற மூன்று பேரும் "அரோகரா" என்றோம், நோர்வேக் குதிரையின் வயிற்றுக்குள் நின்றுகொண்டு. பாய்ந்து தாண்ட வேண்டிய வாசலை இடித்துத் தள்ளிக்கொண்டு போனோம்.

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மேலே மட்டும் சத்தமில்லை. போர்வை விலகிய இடத்தால் யாழினியின் ஒரு சப்பாத்துத்தான் தெரிந்தது. அழுகிறாளோ என்று பயந்து அதைப் பிடித்தேன்.

கால் என் கையை உதறியது. பிறகு, யாரும் எழுதிக் கொடுக்காத வசனத்தைக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நோர்வேஜிய மொழியில் சொன்னாள்: "இந்தக் குதிரையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். அதற்காகவாவது அண்ணனைத் திருப்பித் தா."

கதைப்படி ஹெல் உடனே தரமாட்டாள். ஆனால் ஹெலாக நடித்த பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல், "சரி, கூட்டிக்கொண்டு போ" என்றுவிட்டாள். அத்தனை நேரம் செத்துக் கிடந்த பால்டர் எழும்பி எங்கள் பின்னால் நடந்து வந்தான்.

யாழினி இப்போது வளர்ந்து தனி வீடு எடுத்துவிட்டாள். போன கிழமை அவளுடைய சோபாவைப் படியால் ஏற்றினோம்.

"அப்பா, அரோகரா சொல்லாதேங்கோ. சுவர் இடிபடும்."

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். முன்பக்கம் தூக்கியவர் குமார் அண்ணை. அவர் சொல்லிவிட்டார்.