வெட்டச் சொன்ன ஒரு நிமிஷம்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். டிஸ்க் விஷயம் ஒழுங்காக முடிந்துவிட்டதால் தொடர்ந்து நலமாகவே இருப்பீர்கள். அத்தை கண்ணில் படக் கூடாது என்பதால் இதை உங்கள் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்புகிறேன்.

"டிவி பெட்டியில பதிஞ்சத டிஸ்க்ல போட்டு அனுப்புடா, அஞ்சு நிமிஷ வேலை" என்றீர்கள். அப்படிச் சொல்கிறவர் யாரும் அந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. எங்கள் கேபிள் பெட்டியில் பதிவானது அதில் மட்டும்தான் ஓடும். பென்டிரைவில் ஏறாது, கம்ப்யூட்டரில் திறக்காது. ஒரே வழி, மூன்று கலர் ஒயரை டிஸ்க் ரெக்கார்டரில் செருகி, உங்கள் சமையல் போட்டியை முழுசாக ஓடவிட்டு, ஓட ஓடப் பிடிப்பதுதான். இதில் நீங்கள் வெட்டச் சொன்ன ஒரு நிமிஷம் வேறு.

நேராகவே கேட்கிறேன் மாமா. "வீட்டுல யார் சமையல்?" என்று நிகழ்ச்சி நடத்தும் பெண் கேட்டால் சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? "என் பொண்டாட்டி வச்ச சூப்பைத் தொட்டிச் செடிக்கு ஊத்தினேன், செடி மூஞ்சியத் திருப்பிக்கிச்சு" என்று சொல்வானேன்? அது டிவியில் வந்த அன்றைக்கு உங்கள் தெருவில் கரண்ட் போய் அத்தை பார்க்காமல் போனது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் அத்தை பக்கத்து வீட்டாரையெல்லாம் டிஸ்க் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

ரெக்கார்டரில் பாஸ் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் பதிவு நிற்கும், மறுபடி அமுக்கினால் தொடரும். நீங்கள் செடிப் பேச்சை எடுக்கும்போது ஓர் அமுக்கு, முடிந்ததும் ஓர் அமுக்கு, தீர்ந்தது. ஓடுகிறதா நிற்கிறதா என்று காட்டும் சிவப்பு விளக்கை மறைத்து அம்மா பூப்போட்ட துணி விரித்திருந்தாள். எடுக்கப் போனால், "தூசு போகும்டா. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, விளக்கு எதுக்கு?" என்றாள். தெரியும்தான். விட்டுவிட்டேன்.

பதிவு ஆரம்பித்த உடனேயே வாசல் மணி அடித்தது. அப்பாவிடம் "எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினால், கேபிள்காரர். நாளைக்கு வர வேண்டியவர், பழைய பெட்டியைக் கழற்றிக்கொண்டு போக இன்றைக்கே வந்து நிற்கிறார். கையைக் காலைப் பிடித்து, நிகழ்ச்சி முடியும்வரை உட்கார வைத்தேன். திரும்பி வந்தபோது அப்பா நல்ல பிள்ளையாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கேபிள்காரரும் ரசித்துப் பார்த்தார். செடி வந்ததும், "யாரு சார் இவரு? அப்புறம் வீட்டுக்குள்ள விட்டாங்களா?" என்றார். என் விரல் பட்டனில் இருந்தது. ஓர் அமுக்கு, ஓர் அமுக்கு. கச்சிதம்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எந்தப் பிளேயரிலும் ஓடும்படி டிஸ்க்கை முடித்து, வீட்டுக்கும் ஒரு பிரதி எடுத்தேன். "போட்டுப் பாத்துட்டு அனுப்பேன்டா" என்றாள் அம்மா. செய்யத் தெரியாதவர்கள்தான் போட்டுப் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். பகலில் நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்பதால் அத்தை பேருக்கே கூரியரில் அனுப்பியாகிவிட்டது. இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அத்தைக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
வேலை தெரிந்த மருமகன்

பி.கு.: தூங்க வேண்டாம். அம்மா இப்போதுதான் எங்கள் பிரதியைப் போட்டாள். அப்பாவைக் கேட்டேன். "மணிச் சத்தம் மாமா பேச்சோட பதிஞ்சிடப் போகுதேன்னு அந்தப் பட்டனை ஒரு தட்டு தட்டினேன். தப்பா?" என்கிறார். அதாவது, நான் நிறுத்தியபோதெல்லாம் ஓடியிருக்கிறது, ஓடவிட்டபோதெல்லாம் நின்றிருக்கிறது. ஆரம்பத்தில் ஏப்ரன் கட்டுகிறீர்கள், அடுத்து செடி, அவ்வளவுதான் மொத்த டிஸ்க்கும். நீங்கள் பரிசு வாங்கியது எங்கேயும் இல்லை. கூரியர்காரரை வாசலிலேயே மடக்கப் பாருங்கள். முடியாவிட்டால் அன்றைக்கு அத்தை எந்த சூப் வைத்தாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக் குடியுங்கள். குடிக்கும்போது செடிப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்.