காயாத சிவப்புக் குதிகால்

வெர்சாய்,
திருநீற்றுப் புதனுக்கு முந்தைய திங்கள்.

என் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அக்கா ஜில்பெர்த்துக்கு, தம்பி பெர்த்ரான் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மகள் கிளெமான்ஸும் உடல் நலம். மானம் மட்டும் நலமில்லை. அங்கே நீயும், ஆப்பிள் மரங்களும், இடக்கால் நொண்டும் சாம்பல் குதிரையும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். கிளெமான்ஸின் சம்பந்தம் முறிந்துவிட்டது. எங்களை அழைத்துப் போக வண்டியை வெர்சாய்க்கு அனுப்பு.

வியெல்ரோஷ் சீமாட்டி தன் தம்பி மகனுக்குக் கிளெமான்ஸைக் கேட்டபோது நம் குலப் பத்திரத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பரம்பரையெல்லாம் கிடக்கட்டும் ஐயா. ஞாயித்துக்கிழமை அரண்மனை ஆட்டத்துல என்னோட ஒரு மினுவே ஆடிக் காட்டுங்க. ஆடத் தெரியாத வீட்டுப் பொண்ணை எடுத்தா நாளைக்கு என் முகத்துல எவ முழிப்பா?" என்றாள். இங்கே அப்படித்தான் அக்கா. அரசரே இளமையில் மேடையேறி ஆடியவர். போரில் புறமுதுகு காட்டியவனைக்கூட மன்னிப்பார்கள், தாளம் தப்பியவனை மன்னிக்க மாட்டார்கள். ஆகவே ஐம்பத்திரண்டு வயதில் லுபேன் என்ற நடன ஆசானிடம் போய் நின்றேன். அவர் சட்டைப் பைக்குள் அடங்கும் குட்டி வயலின் ஒன்று வைத்திருக்கிறார். அடி தப்பினால் அதன் வில்லாலேயே முழங்காலில் ஒரு தட்டு. "காலை வெளிப்பக்கமாத் திருப்புங்க ஐயா! இன்னும் கொஞ்சம்!" என்பார். "எதுக்குய்யா வாத்து மாதிரி நிக்கணும்?" என்று கேட்டேன். "பின்னே குதிகால் எப்படித் தெரியும்? செவப்பு பூசுறதே நாலு பேரு பாக்கத்தானே!" என்றார். உலகத்தில் ஒரு கலை எப்படிப் பிறக்கிறது பார்.

சிவப்புக் குதிகால் அரசவையில் அறிமுகமானவர்களுக்கு மட்டுமே உரியது. எனக்கு அந்த உரிமை கிடைத்ததே வியாழக்கிழமைதான். மூன்று நாளில் புதிய காலணி தைக்க எந்தக் காலணிக்காரனும் சம்மதிக்கவில்லை. கிளெமான்ஸ்தான், பாவம், என் பழைய காலணியை மடியில் வைத்து, குதிகால் முழுக்கத் தன் கையாலேயே சிவப்பு எண்ணெய்ச் சாயம் பூசினாள். ஞாயிறு காலை, "நிறம் பத்தலப்பா, இன்னொரு பூச்சு பூசறேன்" என்று மறுபடி உட்கார்ந்தாள். அப்பனுக்காக ஒரு பெண் இவ்வளவு பாடுபடுவாளா என்று என் கண் கலங்கிவிட்டது.

மாலையில் ஆட்டம். உனக்குத் தெரிந்ததுதான், ஒரு நேரத்தில் ஒரே ஜோடி ஆட, மற்ற முந்நூறு பேரும் சுற்றி உட்கார்ந்து கால்களையே பார்ப்பார்கள். என் பெயரை அழைத்தார்கள். சீமாட்டி வெள்ளைப் பட்டில், பின்னால் நான்கு முழம் இழையும் அங்கியோடு வந்து கைகொடுத்தாள். பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்? மெழுகுவர்த்திகள் எல்லாம் கண்ணாடிகளுக்குள்ளும் எரிந்தன. தரையின் மெழுகு வாசனையும் வயலின்களும் கலந்து என்னைத் தூக்கிக்கொண்டு போயின. லுபேன் சொல்லிக்கொடுத்த கோணல் பாதை மறந்தே போயிற்று. ஆப்பிள் அறுவடை முடிந்த நாளில் நம் களஞ்சியத்தில் என் மதலேனோடு வட்டமாகச் சுற்றுவேனே, கால் தானாக அந்த வட்டத்தில் விழுந்துவிட்டது. அவள் போய் ஒன்பது வருஷம் அக்கா. நேற்று எதிரில் அவள்தான் ஆடினாள், கூந்தலில் வைக்கோல் துரும்போடு. நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன், அதை மறைத்து என்ன பயன்.

வாத்தியம் நின்றது. கைதட்டல் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். நான் வைத்த ஒவ்வோர் அடியும் தேன் நிறத் தரையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. எங்கே தடுமாறினேன், எங்கே பாதை மறந்தேன், எங்கே மூன்று முறை வட்டமடித்தேன், அத்தனையும் குழந்தைக்குக்கூடப் புரியும்படி. அதன்மேல் இழுபட்ட சீமாட்டியின் வெள்ளைப் பட்டோரம் முழுக்கச் சிவப்புக் கீற்று. அவள் விசிறியைப் பட்டென்று மூடினாள். "சம்பந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது. உங்க ஊருக்கு வழி தெரியுமில்ல? தெரியலன்னா, வந்த தடத்தைப் பாத்துக்கிட்டே போங்க!" என்றாள். முந்நூறு பேரும் சிரித்தார்கள். மூலையில் லுபேன் மட்டும் ஒரு தாளில் என் தடங்களை அவசரமாக வரைந்துகொண்டிருந்தார். கிளெமான்ஸ் கைக்குட்டையால் முகத்தை மூடி அழுதாள். அந்த அழுகைதான் என்னைக் கொல்கிறது. தாயில்லாப் பெண்ணின் வாழ்வை என் காலாலேயே மிதித்துவிட்டேன்.

உன் முழங்கால் வலி குறையட்டும். ஆப்பிள் மது புளிக்காமல் இருக்கட்டும். பாதிரியாருக்கு என் வணக்கம், ஆனால் இந்தக் கதையை அவரிடம் சொல்லாதே.

தலைகுனிந்த தம்பி,
பெர்த்ரான்

பின்குறிப்பு: வண்டி வேண்டாம்! இப்போதுதான் சீமாட்டியின் ஆள் வந்து போனான். நேற்றே ஒரு பெரிய இடத்துப் பெண்மணி, "அந்தச் செவப்பு ஓரம் எந்தத் தையல்காரர் கைவேலை?" என்று அவளைக் கேட்டாளாம். காலையிலிருந்து அரண்மனைப் பெண்கள் எல்லோரும் பட்டோரத்தில் சிவப்புக் கீற்று இழுத்துக்கொள்கிறார்களாம். தானே யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சீமாட்டி சொல்லித் திரிகிறாளாம். லுபேனிடம் பாதிப் பிரபுக்கள் என் மூன்று வட்டத்தைக் கற்கிறார்கள். சம்பந்தத்துக்கு அவள் மறுபடி சம்மதித்துவிட்டாள், கல்யாணம் ஈஸ்டர் முடிந்ததும்! நீ புறப்பட்டு வா.

இன்னொரு பின்குறிப்பு: வராதே. நற்செய்தி சொல்லக் கிளெமான்ஸிடம் ஓடினேன். அவள் சாயத் தூரிகையை என் முன்னால் வீசினாள். "ரெண்டாம் பூச்சு காயாதுன்னு தெரிஞ்சேதான்பா பூசினேன்! எனக்கு அந்தப் பையன் வேண்டாம். மூணு மாசமாப் பழகியும் என் பேரு அவனுக்கு ஞாபகமில்ல, என் ரிப்பன் நிறம் மட்டும் ஞாபகமிருக்கு" என்றாள். "அப்ப நேத்து ஏன் அழுதே?" என்றேன். "நடுவுல வட்டமாச் சுத்தினீங்களே, அது அம்மாவோட ஆடினதுதானே?" என்றாள்.

வண்டியை இங்கே அனுப்பாதே, த்ரோ ஊர்ச் சத்திர வாசலில் நிறுத்தச் சொல். நாளை சீமாட்டி அலங்காரம் முடிந்து எழ நண்பகல் ஆகும். அதற்குள் நாங்கள் பொது வண்டியில் பாதி வழி வந்திருப்போம். காலணியை மடியில்தான் வைத்துக்கொண்டு வருகிறேன். இன்னும் காயவில்லை.